காற்றில்லா மண்டபத்தில் நிறஞ்சலா

மன்னாரில், தோட்டவெளி என்கிற ஊரில் விடிகிற நேரத்தில் ஓடித்திரிகிற சீவன்கள் இரண்டு வகை. ஒன்று கழுதைகள். மற்றது எமிலின் பெண்சாதி நிறஞ்சலா. கழுதை ஏன் ஓடுகிறது என்று ஊரில் ஒருவரும் விசாரித்ததில்லை. நிறஞ்சலாவைத்தான் விசாரித்தார்கள். "பிள்ளை, ஆர் துரத்துறாங்கள்?" என்று கேட்டுத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள். அவளும் சிரித்துவிட்டு ஓடினாள். பதில் சொல்ல நின்றால் உடம்பு ஆறிவிடும்.

அவள் ஓடத் தொடங்கியது ஆசையில் இல்லை. நாற்பதைத் தாண்டிய கையோடு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சீனி வருத்தம் என்றார்கள். நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. பள்ளிக்கூட நாளில் அவள் நல்ல ஓட்டக்காரிதான். பிறகு சண்டை வந்தது, மடுவுக்கு இடம்பெயர்ந்தார்கள், திரும்பி வந்தார்கள், கலியாணம், பிள்ளை, நண்டுக் கொம்பனி வேலை என்று காலம் போய்விட்டது. கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. மூத்தோர் மெய்வல்லுநர் போட்டி என்று, இளமை கடந்தவர்களுக்காக மாவட்டத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். சும்மா போய் ஓடினாள், வென்றாள். மாகாணத்திலும் வென்றாள். கொழும்பில் எண்ணூறு மீற்றரில் இரண்டாவதாக வந்தாள். போலந்து நாட்டில் நடக்கிற சர்வதேச உள்ளரங்க மெய்வல்லுநர் போட்டிக்கு மூத்தோர் அணியில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

உள்ளரங்கம் என்றால் கூரைக்குக் கீழே ஓடுவது. மழை, வெயில், காற்று ஒன்றும் கிடையாது. இதை எமிலுக்கு விளங்கப்படுத்த அவள் பட்ட பாடு பெரும்பாடு. எமில் மீன்பிடிகாரன். பைபர் படகு, இஞ்சின், வலை என்று வளர்ந்தவன். கூரைக்குக் கீழே ஓடுவதை அவன் கற்பனை செய்துபார்த்து, "கலியாண மண்டபம் மாதிரியோ?" என்று கேட்டான். "ஓம், கொஞ்சம் பெரிசு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உண்மையில் அவளுடைய ஓட்டத்துக்கு வாத்தியார் என்று ஒருவர் இருந்தால் அது எமில்தான். ஒரேயொரு பாடம், அதுவும் தெரியாமல் சொன்னது. சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிற மாதங்களில், கோயில் பங்கு மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு அவள் மூச்சு வாங்க வந்து விறாந்தையில் இருந்தாள். எமில் வலையில் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னான்: "காத்தோடை ஏன் மல்லுக்கட்டுறாய்? அது எதிர்க்கேக்கை அடங்கிப் போ. முதுகிலை பிடிக்கேக்கை விட்டுப் பிடி." அன்றிலிருந்து அவள் அப்படித்தான் ஓடினாள். மைதானத்தின் ஒரு பக்கம் எதிர்க்காற்று, மறுபக்கம் முதுகுக்காற்று. ஒரு பக்கத்தில் பலத்தைச் சேர்த்து மறுபக்கத்தில் செலவழிப்பாள். கொழும்பு மைதானத்திலும் கொஞ்சம் காற்று இருந்தது. அங்கேயும் அது உதவியது.

போலந்துச் செய்தியைக் கோயிலில் பாதர் அறிவித்த அன்றைக்கே ஊரின் முகம் மாறிவிட்டது. அதுவரை அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் கையைப் பிடித்தார்கள். "அந்தோனியார் கண் திறந்திட்டார்" என்றார்கள். "பழம் நழுவிப் பாலிலை விழுந்திருக்கு, நிறஞ்சி" என்றாள் எமிலின் அக்கா. எந்தப் பழம், எந்தப் பால் என்று நிறஞ்சலாவுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. ஓட்டத்தைப் பற்றி அல்ல, விசாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கரையில் வெளிநாடு என்பது ஒருவழிப் பாதை. போனவன் நிற்கவேண்டும். நின்று, அகதி என்று கேஸ் போட்டு, கார்ட் எடுத்து, மற்றவர்களைக் கூப்பிடவேண்டும். கடலால் போய்ச் செத்தவர்கள் இருக்கிறார்கள், ஏஜென்சிக்காரனிடம் காணியைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். இவளோ அரசாங்க முத்திரையோடு, கழுத்தில் அட்டை தொங்க, விமானத்தில் போய் இறங்கப்போகிறாள். இப்படி வாய்த்ததை வீணாக்க எந்தப் பைத்தியக்காரிக்கு மனம் வரும்? டிக்கெட்டைப் பாரிசிலிருந்து எமிலின் தம்பி றொஷான் போட்டுக்கொடுத்தான். அவனும் ஓட்டம் எப்போது என்று கேட்கவில்லை. எந்த வாசலால் வெளியே வருவீர்கள் என்றுதான் கேட்டான்.

விடைபெற வந்தவர்கள் ஆளுக்கொரு பார்சலோடு வந்தார்கள். மாசி, மிளகாய்த்தூள், ஒடியல் மா, கட்டாக் கருவாடு. லண்டனில் இருக்கிற மகனுக்கு ஒன்று, பாரிசில் இருக்கிற மருமகளுக்கு ஒன்று. "நான் போலந்துக்கு அல்லோ போறன்" என்றாள் நிறஞ்சலா. "எல்லாம் பக்கத்திலை பக்கத்திலைதானே" என்றார்கள். மகள் ஜெசிக்கா மன்னார் டவுனில் கன்னியர் மட விடுதியில் நின்று ஏ.எல். படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அவள் தாயின் கைவிரல்களைப் பிடித்து நெட்டி முறித்தபடி, "அம்மா, நீங்கள் கேஸ் போட்டு என்னைக் கூப்பிட எவ்வளவு காலம் எடுக்கும்?" என்று கேட்டாள். பால் குடிக்கிற பிள்ளையின் முகம். நிறஞ்சலா, "முதல் சோதினையை எழுது" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், மகள் சின்னப்பிள்ளை, அவளும் போகட்டும். எமில் நம்பவேண்டும். தன் பெண்சாதி ஓடத்தான் போகிறாள், ஓடிவிட்டுத் திரும்பி வருவாள் என்று அந்த ஒரு மனிதன் நம்பினால் போதும். புறப்படுகிற அன்று பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த அவனுக்கு முன்னால் போய் நின்று சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் ஓடி முடிச்ச கையோடை வந்திடுவன்."

"ஓம், ஓம்" என்றான் எமில். காய்ச்சற்காரர் பிதற்றினால் பக்கத்தில் இருப்பவர் சொல்லுவாரே, அந்த "ஓம்". பிறகு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "நீ ஒண்டுக்கும் யோசியாதை. அங்கை நிண்டுகொள். மிச்சத்தை றொஷான் பாப்பான்" என்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. பிரிகிற கவலை அது, உண்மையான கவலை. அதில் பொய் இல்லை. ஆனால் திரும்பி வருகிறவளுக்கு யாரும் அப்படிக் கலங்குவதில்லை.

இதெல்லாம் நடந்தபோது நண்டுக் கொம்பனியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற சரீபா ஊரில் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் புத்தளம் போயிருந்தாள். இருந்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அணி முகாமையாளர் எல்லோருடைய பாஸ்போட்டையும் வாங்கி இடுப்புப் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். கண்டிப் பக்கம். நிறஞ்சலாவிடம் வந்தபோது மட்டும் சற்று நின்று, தெரிந்த தமிழில், "அக்கா, றேஸ் மட்டும். சரிதானே?" என்றார். ஊர் அவள் நிற்பாள் என்று நம்பியது, முகாமையாளர் அவள் நின்றுவிடுவாள் என்று பயந்தார். ஆக, இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். அந்த ஆள் நிறஞ்சலா இல்லை.

போலந்தில் இறங்கியதும் எமிலுக்கு அழைத்தாள். "வந்து சேர்ந்திட்டன்" என்றாள்.

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றான் எமில். குரல் தழுதழுத்தது. "இனி போனிலை ஒண்டும் கதையாதை. ஒட்டுக் கேப்பாங்கள். நீயா கோல் எடுக்காதை, றொஷான் எல்லாம் சொல்லுவான்." சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஒளிந்து நிற்கப்போகிற பெண்சாதியைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த மனிதன் அவளுடைய நம்பரைத் தடுத்தே வைத்துவிட்டான்.

ஹோட்டல் அறையில் அவளோடு தங்கியவள் சுமணா. குருணாகல் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியை, குண்டெறிதல் போட்டிக்கு வந்தவள், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. சுமணாவுக்குத் தமிழ் இல்லை, நிறஞ்சலாவுக்குச் சிங்களம் பஸ்சுக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் மட்டும் காணும். அங்கே கொடுத்த சாப்பாட்டில் உறைப்பு என்பது மருந்துக்கும் இல்லை. மூன்றாம் வேளை சுமணாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், லண்டன் மகனுக்கென்று கட்டிய மாசிப் பார்சலை நிறஞ்சலா அவிழ்த்தாள். மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பேருமாகப் பாணோடு தின்று கண்ணீர் விட்டார்கள். லண்டன் மகனுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்தபின் சுமணா பிள்ளைகளோடு வீடியோவில் கதைத்தாள். நிறஞ்சலா கண்ணாடி யன்னலால் வெளியே பார்த்தாள். இலை இல்லாத மரங்கள், ஈரமான தெரு. தெருவில் ஒரு நாய்கூடச் சும்மா நிற்கவில்லை.

மண்டபத்துக்குள் போன முதல் நாள் அவள் கண்ணில் பட்டது கொடிகள்தான். அத்தனை நாட்டுக் கொடிகளும் கூரையிலிருந்து தொங்கின, ஒன்றுகூட அசையவில்லை. மன்னாரில் கோயில் கொடியேற்றினால் அது இறக்குகிறவரைக்கும் படபடத்துக்கொண்டே இருக்கும். துணி கிழிந்துதான் ஓயும். இங்கே கொடிகள் துவைத்துக் காயப்போட்ட சேலைகள் மாதிரித் தூங்கின. ஓடுபாதை சின்னது. நாலு முறை சுற்றினால்தான் எண்ணூறு. வளைவுகளில் தரை ஒருபக்கம் உயர்ந்து சரிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள், ரப்பர். மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தாள். வியர்வையும் தைலமும் புதுச் சப்பாத்தும் மணத்தன. உப்பு மணம் இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில் தன்னை ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. தெரிந்த ஊரிலும் அதே கதைதான் என்பது அதைவிட உறைத்தது.

அவளுடைய ஓட்டம் பகல் நேரத்தில். வயது நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களுக்கான இறுதிப் போட்டி. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளைவிட உயரம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வெடி கேட்டது, ஓடினார்கள்.

முதற் சுற்று நன்றாகப் போனது. முன்னே போன நாலைந்து பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். மூச்சு சீராக இருந்தது, கால் இலேசாக இருந்தது. இரண்டாம் சுற்றில் நேர்ப் பாதைக்கு வந்தபோது அடங்கி ஓடினாள். காற்று எதிரே இருக்கிற பக்கம் அது என்று அவள் நினைக்கவில்லை, நினைக்க நேரமும் இல்லை. உடம்பு தானாக அடங்கியது. அடுத்த பக்கத்தில் முதுகில் பிடிக்கும், அப்போது விடலாம் என்று கால்கள் கணக்குப் போட்டன. அடுத்த பக்கமும் வந்தது. முதுகில் ஒன்றும் பிடிக்கவில்லை. சரி, அதற்கடுத்த பக்கம். அங்கேயும் இல்லை. மூன்றாம் சுற்று முழுவதும் அவள் அப்படியே காத்துக்கொண்டு ஓடினாள். காற்று வரும், வரும் என்று. காற்றில்லாத இடத்தில் ஓடப்போகிறோம் என்று எமிலுக்கு விளங்கப்படுத்தியவள்தான். வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. தலையை உயர்த்தினாள், கொடிகள் அப்படியே தொங்கின. "அட, சனியனே" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு விட்டுப் பிடித்தாள். வளைவில் ஒருத்தியை முந்தினாள். முந்துவதற்குச் சரிவின் மேற்பக்கம் ஏறவேண்டியிருந்தது, மேட்டில் ஏறி ஓடினால் தூரம் கூட. பரவாயில்லை என்று ஏறினாள். கடைசி நேர்ப் பாதையில் இன்னொருத்தியை முந்தினாள். மூன்றாவதாகப் போன உயரக்காரியின் தோளுக்குத் தோள் வந்துவிட்டாள். இன்னும் நாலு எட்டு இருந்திருந்தால் அவளையும் முந்தியிருப்பாள். கோடு முதலில் வந்துவிட்டது.

நாலாவது.

மற்றப் பெண்கள் ஓடி முடித்தவுடன் தரையில் விழுந்து கிடந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். நிறஞ்சலா மட்டும் நின்றாள். மூச்சு மிச்சம் இருந்தது. இன்னொரு சுற்று ஓடச் சொன்னாலும் ஓடுவாள், அவ்வளவு பலம் செலவழியாமல் உடம்பில் கிடந்தது. தோற்றவளுக்கு அதைவிட வெட்கம் வேறு இல்லை. மூன்றாவதாக வந்தவள் எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். என்ன பாசையோ. நல்ல சொல்லாகத்தான் இருக்கவேண்டும். முகாமையாளர் தூரத்திலிருந்து கைதட்டினார். கைதட்டியபடி வெளி வாசலையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எமிலுக்குச் சொல்லவேண்டும் என்று அந்த நேரத்தில் அவள் தவித்த தவிப்பைச் சொல்லி முடியாது. வேறு யாருக்குச் சொன்னாலும் இது விளங்காது. காற்றைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவனுக்குத்தான் விளங்கும். 'உங்கடை கதையைக் கேட்டுத்தான் தோத்தனான்' என்றால் அவன் என்ன முகம் காட்டுவான், வலையைப் போட்டுவிட்டு எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். போனை எடுத்து அழைத்தாள். அவளுடைய நம்பர் தடுத்தபடியே இருந்தது.

வாசலுக்கு வெளியே றொஷான் நின்றான். பாரிசிலிருந்து கார் ஓட்டி வந்திருந்தான். தடித்த கோட்டுக்குள் ஒடுங்கி நின்றவன் அவளைக் கண்டதும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

"உள்ளை வந்திருக்கலாமே, தம்பி. ஓட்டத்தைப் பாத்திருக்கலாம்."

"ஐயோ அண்ணி, உள்ளை கமரா இருக்கும். ஆர் ஆரோடை கதைச்சது எண்டு பிறகு பாப்பாங்கள்." காரின் கதவைத் திறந்தான். "ஏறுங்கோ. பாஸ்போட் போனால் போகட்டும். ஒரு றூம் ஒதுக்கி வைச்சிருக்கிறம். ரெண்டு கிழமை வெளியிலை வராமல் இருந்தால் காணும்."

நிறஞ்சலா கதவில் கையை வைத்தாள். வைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். காருக்குள் இருந்து சூடு வந்தது. ஜெசிக்கா நெட்டி முறித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. ஒரு அறை, இரண்டு கிழமை, பிறகு ஒரு வழக்கு, பிறகு பல வருசம். மகளுக்கு வழி திறக்கும். எல்லாம் நல்ல காரணங்கள்தான், ஒன்றையும் அவளால் மறுக்க முடியாது. ஆனால் ஏறினால் அவள் ஓடினாள் என்பதை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அவளே நாளடைவில் நம்பாமல் போய்விடலாம்.

"நான் போகோணும், றொஷான்."

"எங்கை?"

"வீட்டை."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. அவருக்கு நான் சொல்லுறன்."

மிஞ்சியிருந்த பார்சல்களை ஹோட்டலிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிப் பின்சீற்றில் எறிந்துவிட்டு, போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் காரை எடுத்தான். அவனிலும் பிழை இல்லை. இரண்டு மூன்று எல்லை தாண்டி வந்தவன்.

கட்டுநாயக்காவில் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தபோது முகாமையாளர் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல அக்கா" என்றார். ஓட்டத்துக்கு அல்ல, திரும்பி வந்ததற்கு. அங்கிருந்து வேறொருவரின் போனால் எமிலுக்கு அழைத்தாள். தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டான்.

"நான் கட்டுநாயக்காவிலை நிக்கிறன்."

மறுபக்கத்தில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பிடிச்சுப் போட்டாங்களோ?" என்றான்.

"இல்லை. ஓட்டம் முடிஞ்சுது. வந்திட்டன்."

"சரி. வா" என்றான். அந்த "வா" அவளுக்கு எவ்வளவோ இனித்தது. மன்னார் பஸ்சில் யன்னலோரம் இருந்து, காற்றுக் கதையை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி வந்தாள். மதவாச்சி தாண்டிய பிறகு உரத்துச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

எமில் மோட்டார் சைக்கிளோடு பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். வழியில் ஆட்களைக் கண்ட இடமெல்லாம் வேகத்தைக் கூட்டினான். தோட்டவெளிக்குள் திரும்பியதும் பார்த்தாள், வேலிகளில் ஆட்கள் நின்றார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு மனிசி, "பரவாயில்லை பிள்ளை, உயிரோடை வந்து சேர்ந்தியே" என்றாள். எமிலின் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நிறஞ்சலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினபிறகுதான் எமில் சொன்னான். அவள் போலந்து போய்ச் சேர்ந்தாள் என்றதும் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்திருந்தான். வெளிநாடு போனவர் கரை சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். எமில்-நிறஞ்சலா குடும்பத்தாரின் நன்றிப் பூசை என்று பீடத்திலிருந்து பாதர் வாசித்தார். பூசை முடிய ஊருக்கெல்லாம் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பணிஸ் செமிக்கிறதுக்கு முன்னம் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

"அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றான் எமில். "இறங்கின இடத்திலையே உன்னைப் பிடிச்சு, காம்பிலை வைச்சிருந்து, திருப்பி அனுப்பிப் போட்டாங்கள் எண்டு சொல்லிப்போட்டன். நீயும் அப்பிடியே சொல்லு."

"நான் ஓடினனான். நாலாவதா வந்தனான்."

"மெடல் தந்தவங்களோ?"

"நாலாவதுக்குத் தரமாட்டினம்."

"பேப்பரிலை வருமோ?"

"நாலாவதை ஆர் போடப்போறாங்கள்?"

எமில் பெருமூச்சு விட்டான். நிம்மதியில் விட்ட மூச்சு அது. "அப்ப நல்லது" என்றான்.

உலகத்தில் எத்தனையோ கொடிய சொற்கள் இருக்கின்றன. 'அப்ப நல்லது' என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிறஞ்சலா கதிரையில் இருந்தாள். என்றாலும் விடவில்லை, ஒருமுறை முயன்று பார்த்தாள்.

"அங்கை காத்தே இல்லை, தெரியுமோ? ஒரு சொட்டுக் காத்து இல்லை. நான் என்ன செய்தனான் எண்டால்..."

"குளிர் தேசமல்லோ. கதவெல்லாம் பூட்டித்தானே வைச்சிருப்பாங்கள்" என்றான் எமில். யன்னலால் தெருவை எட்டிப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தி இருந்தான். குரல் உடைந்திருந்தது. "நிறஞ்சி, உனக்காகத்தான் சொல்லுறன். சும்மா திரும்பி வந்தவள் எண்டால் உனக்கு மண்டை பிழை எண்டு சொல்லுவாங்கள். நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கையும் சொல்லுவாங்கள். பிடிச்சு அனுப்பினதெண்டால் ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். அது ஆருக்கும் வாறதுதானே."

அவன் சொன்னது சரி. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, சூது இல்லை, அவளைக் காப்பாற்றவேண்டும் என்ற ஒரே தவிப்புத்தான் இருந்தது. அவள் ஓடிய ஓட்டத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை.

"சரி" என்றாள்.

ஆட்கள் வந்தார்கள். பிஸ்கட் பெட்டியும் சோடாவும் கொண்டு வருத்தக்காரியைப் பார்க்க வருவதுபோல் வந்தார்கள். காம்பில் சாப்பாடு தந்தார்களா, விலங்கு போட்டார்களா என்று கேட்டார்கள். இன்னொருமுறை முயன்று பார்க்கலாம், கனடாவுக்கு வழி இருக்கிறது என்றார்கள். ஜெசிக்கா விடுதியிலிருந்து ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்கு அடிச்சவங்களோ அம்மா? எனக்காண்டித்தானே போனனீங்கள்" என்று தேம்பினாள். நிறஞ்சலா அவளுடைய தலையைத் தடவினாள். காலையில் ஓடப் போனபோது வேலியில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறாள், ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பாதியில் திரும்பி நடந்து வந்தாள்.

நண்டுக் கொம்பனியில் வேலைக்குத் திரும்பி சில நாள் கழித்துத்தான் சரீபா புத்தளத்திலிருந்து வந்தாள். மகளுக்கு ஆண்பிள்ளை, சந்தோசமாக வந்தவள். வாசலிலேயே யாரோ அவளுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டார்கள். வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு தன் மேசையில் வந்து நின்றவள், ஒரு தட்டு நண்டை உடைத்துச் சதை எடுத்து முடித்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ள, ஓட்டம் என்னாச்சு?"

நிறஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள். போய், வந்து, இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். காற்றுக் கதை முழுவதும் தொண்டைக்கு வந்துவிட்டது. கொடிகள், வளைவு, மணிச் சத்தம், மூச்சு மிச்சம், எல்லாம். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எமிலின் சொந்தம்.

"எத்தினை வருசமா ஓடினே" என்றாள் சரீபா. "ஓட உட்டாங்களா? ஒரு சுத்தாவது?"

"இல்லை, ராத்தா" என்றாள் நிறஞ்சலா. "ஓட விடேல்லை."

சரீபா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அந்த ஓட்டத்துக்காக அழுத ஒரே ஆள் அவள்தான். அழாதே என்று சொல்ல நிறஞ்சலாவுக்கு வாய் வரவில்லை.